லண்டன் கிளம்பற என் சித்தி பொண்ணுக்கு

குட்டிமா,

உனக்கு லண்டன்ல சீட் கிடைச்சிருச்சுன்னு சித்தி சொன்னதுல இருந்து எனக்கு தலை கால் புரியல. படிக்கத்தான் போற, அது தெரியும், ஆனா நீ அனுப்பின வாய்ஸ் நோட்ல கடைசியா கேட்ட பாரு, அக்கா அங்க டிரெஸ் எங்க வாங்கறது, எந்த டிசைனர பாக்கறதுன்னு, அதுக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு வரியில பதில் போட எனக்கு மனசே வரல. அதான் இங்கயே எழுதறேன், உன்ன மாதிரி கிளம்பற வேற பிள்ளைங்க இருந்தா அவங்களும் படிச்சிக்கட்டும்.

பிரிட்டிஷ் டிசைனர்னாலே ஏதோ கிறுக்குத்தனமா பண்ணுவாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. ஊக்கு குத்தின டீஷர்ட், கிழிஞ்ச துணி, நடக்கவே முடியாத செருப்பு. எனக்கு அவங்கள இவ்ளோ பிடிக்கறதுக்கு காரணம் அந்த கிறுக்குக்கு அடியில இருக்கற கட்டிங். ஒழுங்கா ஒரு கோட் வெட்டி தைக்க தெரிஞ்ச கைதான் அந்த கோட்ட கலைச்சும் போட முடியும்.

அலெக்ஸாண்டர் மெக்குயின எடுத்துக்கோ. கிழக்கு லண்டன்ல ஒரு டாக்ஸி டிரைவரோட பையன். 16 வயசுல ஸ்கூல விட்டுட்டு, லண்டன்ல டெய்லர் கடைகளுக்கு பேர் போன தெரு சாவில் ரோ, அங்க ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் கடையில வேலை கத்துக்க சேர்ந்தார், கோட் எப்படி தைக்கறதுன்னு அடியில இருந்து கத்துக்கிட்டார், அப்புறம் கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ், அப்புறம் நாடகத்துக்கு உடுப்பு தைக்கற ஒரு இடம், இதெல்லாம் முடிச்சிட்டுத்தான் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் காலேஜ்ல ஃபேஷன்ல மாஸ்டர்ஸ். 1992ல படிப்பு முடிக்கறப்ப அவர் காட்டின கலெக்‌ஷன் மொத்தத்தையும் இசபெல்லா ப்ளோன்னு ஒரு ஃபேஷன் ஸ்டைலிஸ்ட் 5000 பவுண்டுக்கு பேசி, வாரம் 100 பவுண்டுன்னு தவணை கட்டி வாங்கினாங்க. துணி மேல அவ்ளோ ஆசை வெச்ச ஒருத்தங்க, கையில மொத்தமா காசு இல்லன்னாலும் இந்த பையன விடக்கூடாதுன்னு முடிவு பண்ணினாங்க பாரு, அத படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

இடுப்புக்கு ரொம்ப கீழ நிக்கற அவரோட பம்ஸ்டர் பேன்ட் வந்தப்ப பத்திரிகைக்காரங்க ஆபாசம்னு திட்டினாங்க. அவர் காட்ட நினைச்சது முதுகெலும்பு முடியற இடத்த, உடம்ப நீளமா காட்டணும்னு. இடுப்புல பிடிமானமே இல்லாம அவ்ளோ கீழ ஒரு பேன்ட் நிக்கணும்னா வெட்டறவருக்கு உடம்பு பத்தி எவ்ளோ தெரிஞ்சிருக்கணும்னு யோசிச்சு பாரு. 2010ல, வெறும் 40 வயசுல போயிட்டார். 2015ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல அவரோட கண்காட்சிக்கு 4 லட்சத்து 93 ஆயிரம் பேர் வந்தாங்க, கடைசி ரெண்டு வார இறுதியில கூட்டம் தாங்காம ராத்திரி முழுக்க திறந்து வெச்சாங்க.

அதனால போன உடனே ஒரு நாள் சாவில் ரோ பக்கம் நடந்துட்டு வா. காசு ஒண்ணும் வேண்டாம். சில கடைகள்ல தரைக்கு கீழ ஒரு பட்டறை இருக்கும், ரோட்டுல நின்னு குனிஞ்சு பாத்தா டெய்லருங்க உக்காந்து தைக்கறது ஜன்னல் வழியா தெரியும். ஒரு சூட்டுக்கு குறைஞ்சது 50 மணி நேர கைவேலை. காஜா கூட கையாலதான் எடுப்பாங்க.

அடுத்தது விவியன் வெஸ்ட்வுட், இவங்கள பத்தி எழுத ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த தெரியாது. பிரைமரி ஸ்கூல் டீச்சரா இருந்தவங்க. பழைய துணிய தையல் தையலா பிரிச்சு போட்டு, இது எப்படி நிக்குதுன்னு பாத்து பாத்து தானா கத்துக்கிட்டவங்க. கிங்ஸ் ரோடுல அவங்களோட 430ம் நம்பர் கடை 1971ல ஆரம்பிச்சது, பேர் பல தடவை மாறிடுச்சு, பங்க் உடுப்பெல்லாம் அங்க இருந்துதான் வந்துச்சு, இப்போ அதுக்கு வேர்ல்ட்ஸ் எண்ட்னு பேரு. வாசல்ல பெரிய கடிகாரம் ஒண்ணு 13 மணி நேரம் போட்டு பின்னோக்கி ஓடும், உள்ள தரை சரிவா இருக்கும். ஆனா நீ அங்க போறதுக்கு முன்னாடி வாலஸ் கலெக்‌ஷன் மியூசியம் போ, டிக்கெட் கிடையாது. அங்க ஃபிரான்ஸ்வா பூஷேன்னு 18ம் நூற்றாண்டு ஓவியர் வரைஞ்ச டாஃப்னிஸ் அண்ட் குளோயின்னு ஒரு படம் இருக்கு. 1990ல வெஸ்ட்வுட் அந்த படத்த அப்படியே ஒரு கார்செட் மேல, அதாவது இடுப்ப இறுக்கி பிடிக்கற மேலுடுப்பு மேல, பிரிண்ட் பண்ணினாங்க. அந்த காலத்து கார்செட் போட்டா மூச்சு முட்டும், இவங்க பக்கவாட்டுல இழுபடற துணிய வெச்சு, பின்னாடி ஜிப் வெச்சு, பொண்ணுங்க போட்டுட்டு நிம்மதியா சாப்பிடற மாதிரி ஆக்கிட்டாங்க. ஓவியத்த பாத்துட்டு கார்செட்ட பாரு, அந்த மனுஷியோட மூளை எப்படி வேலை செஞ்சுதுன்னு புரியும். 2022 டிசம்பர்ல அவங்க போனப்ப நான் நாள் முழுக்க பழைய ஷோ வீடியோவா பாத்துட்டு இருந்தேன்.

இளசுகள்ல எனக்கு ரொம்ப பிடிச்சது மாலி காடர்ட். நம்ம ஊர்ல குழந்தைங்க கவுனுக்கு நெஞ்சு பக்கம் ஸ்மாக்கிங் பண்ணுவாங்கல்ல, அதே வேலைய மீட்டர் கணக்கா நெட் துணியில பண்ணி வளர்ந்த பொண்ணுங்களுக்கு போட்டு விடறாங்க. ரிச்சர்ட் க்வினோட பூ பிரிண்டும் பாரு, 2018ல அவர் ஷோவுக்கு எலிசபெத் ராணியே வந்து முன் வரிசையில உக்காந்தாங்க.

சரி, இப்போ ஷாப்பிங். ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட்ல உன் முதல் மாச காச கொட்டாத, எச் அண்ட் எம்மும் ஜாராவும் சென்னையிலயே இருக்கு. அங்க இருந்து ரெண்டு தெரு உள்ள திரும்பினா லிபர்டி. 1875ல ஆரம்பிச்ச கடை, இப்போ இருக்கற கட்டிடம் 1924ல கட்டினது, இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான்னு ரெண்டு பழைய போர்க்கப்பல உடைச்ச மரத்துல. படி ஏறறப்ப கைப்பிடிய தொட்டு பாரு. அப்புறம் நேரா துணி செக்‌ஷன் போய் டானா லான் காட்டன எடுத்து விரல் நடுவுல தேய்ச்சு பாரு. பட்டு மாதிரி வழுக்கும், ஆனா சுத்தமான காட்டன். குட்டி குட்டி பூ, எந்த இடத்துலயும் ஒரு புள்ளி கலர் வெளிய வழிஞ்சிருக்காது. டிரெஸ்ஸா வாங்கினா உனக்கு கட்டுப்படி ஆகாது, ஒரு ஷர்ட் பீஸ் அளவுக்கு மீட்டர்ல வாங்கிக்கோ, ஊருக்கு வர்றப்ப நம்ம மாஸ்டர் கிட்ட குடுத்து தைச்சுக்கலாம்.

கோட் உனக்கு கண்டிப்பா வேணும், அதுக்கு புதுசா தேடாத. தாமஸ் பர்பரி 1879ல கபர்டைன் துணிய கண்டுபிடிச்சப்ப என்ன பண்ணினார்னா நெய்யறதுக்கு முன்னாடியே நூல தண்ணி ஒட்டாத மாதிரி பதப்படுத்தி, அப்புறம் நெருக்கமா நெய்ய வெச்சார், அதனாலதான் அந்த துணியில தைச்ச பர்பரி டிரெஞ்ச் கோட் அத்தன வருஷம் உழைக்குது. வெள்ளிக்கிழமை போர்ட்டோபெல்லோ ரோடு மார்க்கெட்ல, மேம்பாலத்துக்கு அடியில பழைய துணி கடை போடுவாங்க, சனிக்கிழமை டூரிஸ்ட் கூட்டம், அன்னைக்கு வேண்டாம். டூப்ளிகேட்டும் நிறைய சுத்தும், அதனால எந்த கோட்ட எடுத்தாலும் முதல்ல உள்பக்கத்த திருப்பு. லைனிங் செக் துணியா இருந்தா தையல் வர்ற இடத்துல கட்டம் கட்டத்தோட சேருதான்னு பாரு. பிரிச்சு விடறதுக்கு உள்ள துணி விட்டிருக்காங்களா, எம்மிங் கைல போட்டதா, காஜா நூல் பிரியாம இருக்கா. லேபிள கடைசியா பாத்தா போதும்.

சேரிட்டி ஷாப்ப விட்டுடாத. வீட்டுல வேண்டாம்னு குடுக்கற துணிய வித்து நல்ல காரியத்துக்கு காசு சேர்ப்பாங்க, ஆக்ஸ்ஃபாம், ரெட் கிராஸ்னு ஊர் முழுக்க இருக்கும். பணக்கார ஏரியாவுல இருக்கற கடையில டிசைனர் துணியே தொங்கும். அங்கயும் விக்காத துணி எங்க போகுது தெரியுமா, கப்பல் ஏறி நம்ம பானிபட்டுக்கே நிறைய வருது, அங்க கிழிச்சு திரும்ப நூலாக்கி கம்பளி போர்வை பண்றாங்க. லண்டன் டிசைனர் பிரியா அலுவாலியா பானிபட்ல அந்த குவியல நேர்ல பாத்துட்டு திரும்பி போய், பழைய துணியையும் மிச்ச துணியையும் வெச்சே தன்னோட பிராண்ட ஆரம்பிச்சாங்க. அப்பா பக்கம் நைஜீரியா, அம்மா பக்கம் இந்தியா, வளர்ந்தது லண்டன். இந்த பொண்ணோட துண்டு துண்டா ஒட்டின ஜாக்கெட்ட பாக்கறப்ப எனக்கு வெஸ்ட்வுட் ஞாபகம்தான் வருது, கம்மியா வாங்கு, நல்லதா பாத்து எடு, நீடிக்க வைன்னு அவங்க சொல்லிட்டே இருந்தாங்கல்ல.

சித்தி சித்தப்பா உன்ன பாக்க வந்தா ஏர்போர்ட்ல வரிய திரும்ப வாங்கிக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, நம்பி செலவு பண்ண விடாத. கடையில வாங்கி கையோட கொண்டு வர்ற பொருளுக்கு லண்டன்ல 2021ல இருந்து அந்த சலுகை கிடையாது.

ஒண்ண மட்டும் எனக்காக பண்ணு. 2025ல வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்னு ஒண்ணு திறந்திருக்காங்க, மேல சொன்ன விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தோட கிடங்கயே ஜனங்களுக்கு திறந்து விட்டுட்டாங்க, ஃப்ரீ. ஆன்லைன்ல அவங்க கலெக்‌ஷன்ல தேடி உனக்கு வேண்டிய அஞ்சு பொருள் வரைக்கும் முன்கூட்டியே புக் பண்ணா, எடுத்து மேஜை மேல வெச்சு பக்கத்துல இருந்து பாக்க விடறாங்க. நான் அங்க இருந்தப்ப இது இல்ல. புக் பண்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடு, எந்த அஞ்சுன்னு நம்ம ரெண்டு பேரும் உக்காந்து தேர்ந்தெடுக்கலாம், என் லிஸ்ட்ல வெஸ்ட்வுட் ஜாக்கெட் ஒண்ணு இருக்கணும், தோள் தையல எப்படி ஏத்தியிருக்காங்கன்னு நீ பாத்து சொல்லணும்.

அன்புடன்
அக்கா