மாங்கூழுக்கும் வேண்டும் கடல் பாதுகாப்பு

ஆசிரியருக்கு,

கடலே இல்லாத கிருஷ்ணகிரிக்குக் கப்பல் பாதுகாப்பைப் பற்றி என்ன கவலை என்று பலர் நினைக்கலாம். பெங்களூரா மாங்காயை அரைத்து டிரம்மில் அடைத்த கூழ், இங்கிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலில்தான் போகிறது. 2023 நவம்பரில் ஏமன் நாட்டின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், ஐரோப்பா போகும் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போயின. பயண நாளும் கூடியது, கப்பல் வாடகையும் எகிறியது. இந்தச் செலவைக் காட்டி ஆலைகள் கொள்முதல் விலையைக் குறைத்தால், கடைசியில் அடி வாங்குவது மா விவசாயிதான்.

இந்தக் கடல் ஆபத்தை எந்த நாடும் தனியாகச் சமாளிக்க முடியாது. 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் தாக்கப்பட்ட ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலின் 21 பேரை மீட்டது நம் கடற்படையின் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். கொல்கத்தா. அவர்களில் ஒருவர்தான் இந்தியர். மனசுக்கு நிறைவான வேலை! குருகிராமில் நம் கடற்படை 2018-ல் தொடங்கிய தகவல் மையத்தில் பிற நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கிறார்கள். சரி, அந்த மையம் தரும் எச்சரிக்கைகள் இங்குள்ள சின்ன ஏற்றுமதியாளருக்கும் தமிழில் கிடைக்க வேண்டாமா? மாவட்ட தொழில் மையம் மூலம், மாங்காய் வரத்து தொடங்கும் முன்பே அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்