கிறிஸ்துமஸ் விருந்துக்கு வெள்ளை ஒயின்: மகளுக்கு ஒரு கடிதம்

இராயபுரம், சென்னை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கிறிஸ்துமஸ் அன்று உன் மாமனார் மாமியாரையும் மாப்பிள்ளையின் அண்ணன் குடும்பத்தையும் ஃபிராங்க்பர்ட் வீட்டுக்கு அழைத்து, முழுக்க நம் வீட்டுச் சமையலையே பரிமாறப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நண்டு மசாலாவுக்கான அளவுகளை அவள் தனியாக எழுதி அனுப்புவாள். என்னிடம் நீ கேட்டது வெள்ளை ஒயினைப் பற்றி. பயணிகள் கப்பலில் பரிமாறும் பிரிவில் இருந்த காலத்தில் கற்றதையெல்லாம் போனில் சொன்னால் கடைக்குப் போகும்போது பாதி மறந்துவிடும் என்பதால், இதை எழுத்திலேயே அனுப்புகிறேன்.

மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்று ஒரு விதியை எல்லோரும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அது மீனை வெண்ணெயிலும் எலுமிச்சைச் சாற்றிலும் சமைக்கிற வீடுகளுக்கு ஏற்பட்ட விதி. காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தை மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, புளித்தண்ணீர் சேர்த்து ஊறவைத்துப் பொரிக்கிற நம் வீட்டில், நாக்கு முதலில் சந்திப்பது மசாலாவைத்தான். மீன் அதற்குப் பிறகே வருகிறது. ஆகவே ஒவ்வொரு பதார்த்தத்தையும் எடுத்துக்கொண்டு, இதில் காரம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, எண்ணெயும் தேங்காயும் எவ்வளவு என்று பார். அந்த மூன்றும் தெரிந்துவிட்டால் எந்தப் புட்டியை எடுப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

காரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மிளகாய் எரிச்சலை உண்டாக்குகிற அதே நரம்பு உணர்வை ஆல்கஹாலும் தூண்டுவதால், 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினை நண்டு மசாலாவோடு கொடுத்தால் விருந்தாளிகளுக்குக் காரம் இரண்டு மடங்காகத் தெரியும். ஓக் பீப்பாயில் வைத்து முதிர்த்த ஒயினில் உள்ள மரவாசனை காரத்தோடு சேரும்போது கசப்பாக மாறும். இதற்கு மாறாக, ஒயினில் மிச்சமிருக்கிற சிறிது இனிப்பு அந்த எரிச்சலைத் தணிக்கிறது. புளிப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: குழம்பின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிட அதிகமானால் ஒயின் வெறும் தண்ணீராகத் தெரியும். எனவே நம் சமையலுக்கு வேண்டியது ஆல்கஹால் குறைந்த, புளிப்பு நன்றாக உள்ள, இலேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின். அப்படிப்பட்டதை உலகத்திலேயே சிறப்பாகச் செய்கிற நாட்டில் நீ இருக்கிறாய். மோசல் ஆற்றங்கரையின் செங்குத்தான பலகைக்கல் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் திராட்சை, குளிர்ந்த பருவத்தில் மெதுவாகப் பழுப்பதால், பழத்தின் புளிப்பு குறையாமல் இனிப்பு ஏறுகிறது. கப்பலில் இந்தியச் சமையல் பரிமாறிய இரவுகளில் என் கை தானாக எடுத்தது அதைத்தான்.

இனிப்புள்ள ஒயின் என்றால் தரம் குறைந்தது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அதை நீ பொருட்படுத்த வேண்டாம். நல்ல புளிப்பு கூட இருக்கும்போது அந்த இனிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு தெரிவதில்லை. உன் மாமனாருக்கு இதைச் சொல்லவே தேவையிருக்காது.

கடையில் லேபிளைப் படிக்கும் முறையைக் கவனமாகச் சொல்கிறேன். ரீஸ்லிங் புட்டியில் ட்ரொக்கன் என்று இருந்தால் அதில் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரைதான் இருக்கும். காரத்துக்கு அது போதாது. ஹால்ப்ட்ரொக்கன் என்றால் 18 கிராம் வரை போகலாம். ஃபைன்ஹெர்ப் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் அளவு வரையறை இல்லை, ஆனால் பெரும்பாலும் மெல்லிய இனிப்போடு இருக்கும். கபினெட், ஷ்பேட்லேஸே, ஆவுஸ்லேஸே என்பவை திராட்சை பறிக்கப்பட்டபோது எவ்வளவு பழுத்திருந்தது என்பதை ஏறுவரிசையில் காட்டும் படிகள். அவற்றை மட்டும் வைத்து ஒயினின் இனிப்பைத் தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் கபினெட்டிலும் ட்ரொக்கன் உண்டு. குழப்பமாக இருந்தால் ஆல்கஹால் எண்ணைப் பார். சர்க்கரைதான் புளித்து ஆல்கஹாலாகிறது என்பதால், மோசல் கபினெட்டில் 8 அல்லது 9 சதவீதம் என்று இருந்தால் சர்க்கரையில் ஒரு பங்கு புளிக்காமல் உள்ளே நிற்கிறது என்று அர்த்தம். 12 என்று இருந்தால் ஏறக்குறைய முழுவதும் புளித்துவிட்டது. இந்த ஒரு எண் விற்பனையாளரின் பேச்சைவிட உனக்கு அதிகம் உதவும்.

வந்தவர்கள் உட்காருவதற்கு முன் நெத்திலி வறுவலும் இறால் கட்லெட்டும் தருவதாகச் சொன்னாய். அதற்கு செக்ட் என்கிற ஜெர்மன் நுரை ஒயினை ஊற்று. எண்ணெயில் பொரித்ததற்கு நுரைக்கிற ஒயினைப் போலப் பொருத்தமானது வேறில்லை. அதன் குமிழும் புளிப்பும் எண்ணெய்ப் பசையை வழித்துக்கொண்டு போய்விடும். ஆனால் செக்டில் ட்ரொக்கன் என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை இருக்கும், ரீஸ்லிங்குக்குச் சொன்ன கணக்கு இங்கே செல்லாது. நீ வாங்க வேண்டியது ப்ரூட் என்று எழுதியது. அதில் 12 கிராமுக்குக் குறைவு. புட்டியிலேயே இரண்டாம் முறை புளிக்கவைத்து, திராட்சை விளைவிப்பவரே தயாரித்த வின்ட்சர்செக்ட் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்கு. திறக்கும்போது புட்டியைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசையாமல் பற்றிக்கொண்டு புட்டியைத் திருப்பு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் சத்தத்தோடு கார்க் பறக்கவே கூடாது.

வஞ்சிர வறுவலுக்கும் நண்டு மசாலாவுக்கும் மோசல் கபினெட். பிரியாணிக்கு ஷ்பேட்லேஸே எடுக்கலாம். அல்லது கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்ற திராட்சையில் செய்ததை எடுக்கலாம். ரோஜாவும் லிச்சியும் மணக்கும் அந்த ஒயின் பட்டை, ஏலக்காய், புதினாவோடு உறவாடும். அதில் புளிப்பு குறைவு என்பதால் மீன் குழம்புப் பக்கம் மட்டும் கொண்டு போகாதே. தேங்காய்ப்பால் சேர்த்த காய்கறிக் குருமாவுக்குக் கிரௌபுர்குண்டர் போன்ற சற்றுக் கனமான ஒயின் சரியாக இருக்கும்.

உன் மாமனார் ஷார்டனே என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின் கொண்டு வருவார் என்றாயே, அதை ஒதுக்கி வைத்துவிடாதே. விருந்தாளி கையில் கொண்டு வந்ததை மேசையில் திறப்பதுதான் மரியாதை. மிளகாய் போடாமல் வெண்ணெய் தடவி ஒரு கோழியை அடுப்பில் வாட்டி, அதோடு அந்த ஒயினைக் கொடு. உன் மாமியாருக்குக் காரம் ஆகாது என்பதால் அந்தக் கோழி எப்படியும் தேவைப்படும்.

கடைசியில் கல்கல், ரோஸ் குக்கீஸ், பிளம் கேக். இங்கே பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் பட்டை கிராம்பும் போட்டு ஜாடியில் புளிக்கவைக்கிற வீட்டு ஒயினைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் கேக்கோடு நீட்டுவது நம் தெரு வழக்கம். இனிப்புப் பண்டத்தோடு கொடுக்கிற ஒயின் அந்தப் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புளித்த நீராகத் தெரியும் என்ற நியாயத்தை நம் பாட்டிமார்கள் சொல்லாமலே செய்து வந்தார்கள். அங்கே அந்த இடத்துக்கு ட்ரொக்கன் என்று எழுதாத ஆவுஸ்லேஸே போதும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 7 டிகிரி குளிரில் செடியிலேயே உறைந்த பழத்தில் செய்யும் ஐஸ்வைன் விலை அதிகம். ஆசையிருந்தால் 375 மில்லி அரைப் புட்டி வாங்கு, ஆளுக்கு இரண்டு வாய் போதுமானது.

750 மில்லி புட்டியில் ஐந்து குவளை வரும், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள். செக்ட் 6 முதல் 8 டிகிரி, ரீஸ்லிங் 8 முதல் 10, ஷார்டனே 12 வரை இருக்கலாம். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் வாசனை எழும்பாது. டிசம்பரில் உன் பால்கனியே குளிர்பெட்டிதான், ஆனாலும் உறைபனி இரவில் புட்டிகளை வெளியே விட்டுவிடாதே. அவசரமானால் வாளியில் பனிக்கட்டியோடு பாதியளவு தண்ணீரும் ஊற்றி வை. வெறும் பனிக்கட்டியைவிட அது விரைவில் குளிர்விக்கும். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெள்ளைத் திராட்சைச் சாற்றை அதே மாதிரிக் குவளையில் ஊற்றி முதலிலேயே கொடு, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வைக்காதே.

24ஆம் தேதி மதியத்தோடு அங்கே கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டு நாளும் திறக்காது. 23க்குள் வாங்கி முடித்துவிடு. கபினெட்டில் ஒரு புட்டியை இந்த வாரமே வாங்கி, அம்மா அனுப்பும் அளவில் கொஞ்சம் நண்டு மசாலா செய்து மாப்பிள்ளையோடு உட்கார்ந்து ருசித்துப் பார். இனிப்பு போதவில்லை என்று தோன்றினால் லேபிளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. வேறு எதை எடுப்பது என்று அன்றைக்கே சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா