உமரி படர்ந்த சேற்றைத் தரிசு என்று எண்ண வேண்டாம்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2023 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த மிஷ்டி திட்டம், கடலோரத்திலும் வாய்ப்புள்ள உப்பள நிலங்களிலும் அலையாத்தி (மாங்குரோவ்) மரங்களை வளர்க்கச் சொல்கிறது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வாய்க்கால் வெட்டி, அலைநீரை உள்ளே விட்டு, பட்டுப்போன காட்டை மீட்ட வேலையை மனதார மதிக்கிறேன். ஆனால் உப்பைத் தாங்கும் சிறு செடிகளான உமரியும் பவளப்பூண்டும் படர்ந்த உவர்ச்சேற்றிலும், அதை ஒட்டிய வெட்டவெளியிலும் கன்று நட்டுவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நீர் வற்றும்போது அங்கே போய் அசையாமல் நில்லுங்கள். வளைகளிலிருந்து நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்திருக்கும். அதை ஆட்டிப் பெண்ணை அழைக்கும், மற்ற ஆணை விரட்டும். சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, பாசியையும் நுண்ணுயிரையும் வடித்துக்கொண்டு, மிச்சத்தைக் குட்டி உருண்டைகளாகத் துப்பும். அது தோண்டும் வளை வழியே காற்று கருஞ்சேற்றுக்குள் இறங்குகிறது. செடியின் வேருக்கும் அதனால் நன்மை.

அதே சேற்றை அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசினால் பல்முட்புழுக்கள் என்னும் கடற்புழுக்களும் ஊரி என்னும் நத்தைகளும் சிறு மட்டிகளும் தங்கும். சல்லடையில் நிற்காமல் நழுவிப் போகும் நூற்புழுக்கள் எண்ணிக்கையில் இவற்றைவிட மிக அதிகம். உமரியைப் பச்சையாகத் தின்பவை குறைவு. அது உதிர்ந்து மக்கிய பிறகே இவற்றுக்கு உணவாகிறது. அலையேறும்போது வரும் இறாலும் மீன்குஞ்சும் இவற்றைத் தின்றே வளர்கின்றன. கோடியக்கரைக்கு வலசை வரும் கொசு உள்ளான் என்னும் சிறு பறவையும் இந்தச் சேற்றைக் கொத்தித்தான் பசியாறுகிறது.

அங்கே மரம் வந்தால் என்ன ஆகும்? நிழல் விழும். வெயிலில் சேற்றின் மேல் படரும் பாசி குறையும், அதை நம்பிய நண்டும் குறையும். வேர்களிடையே வண்டல் தேங்கித் தரை மேடாகும். எதிரி வருவதைத் தூரத்திலேயே பார்க்க வெட்டவெளி தேடும் உள்ளான்கள் இறங்காது. காட்டுக்கென்று வேறு நண்டுகள், நத்தைகள் உண்டு. அவை வருவது நல்லதே, ஆனால் இவை போன இடத்தை அவை நிரப்பாது.

2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் உவர்ச்சதுப்பும் (உமரி படரும் இந்த உவர்ச்சேறுதான்) உயிர்ப்புள்ள சேற்றுப் பரப்பும் அலையாத்தியோடு ஒரே முதல் பிரிவில்தான் இருக்கின்றன. 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக்கு 50 மீட்டர் காப்பு வளையம் தரும் அதே அறிவிக்கை, உவர்ச்சதுப்புக்கு அப்படி எதுவும் தரவில்லை. ஆகவே உங்கள் கவனம்தான் அதற்குக் காவல்.

நடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தச் சேற்றை மழைக்கு முன்னும் பின்னும் அலசி, கிடைத்த உயிர்களைப் பதிவு செய்யுங்கள். ஆண்டுதோறும் பறவைக் கணக்கெடுக்கும் ஈரநிலங்களில் இதையும் சேர்த்துச் செய்யலாம். பிச்சாவரத்தில் பறியை, அதாவது பிடித்ததைப் போடும் சிறு கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களை அந்தக் குழுவில் கூலி கொடுத்துச் சேருங்கள். எந்தச் சேறு செழிப்பானது என்று அவர்களின் கைகளுக்குத் தெரியும். பதிவைத் தமிழில் அச்சிட்டு, நடவுக்கு முன்பே அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
கடலோரவாசி ஒருவர்