கலர் நம்பர் ஒண்ணு, சுவர்ல கலர் ரெண்டு

வணக்கம்,

போன மாசம் உங்க கடையில பெயிண்ட் வாங்குனேன். சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல நாலறை வீடு, ஹால்ல மூணு சுவருக்கு ஊதா கலந்த சாம்பல் கலர். ரசீது ரெண்டும், போட்டோவும் இணைச்சிருக்கேன். ஒரே நம்பர்ல வாங்குன ரெண்டு டின்னும் ரெண்டு கலரா இருக்குன்னு ஏற்கனவே ரெண்டு தடவை எழுதிட்டேன், ரெண்டு தடவையும் "வெளிச்சத்தைப் பொறுத்து கலர் மாறித் தெரியும்"னு ஒரே பதில்தான் வருது, அதனால இந்தத் தடவை முழுசா எழுதறேன், தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

வெளிச்சத்துல மாறும்னு எனக்கும் தெரியும்ங்க. சாம்பிள் டப்பா வாங்கி, பெரிய அட்டைல ரெண்டு கோட் அடிச்சு காயவிட்டு, நாலு நாள் சுவர்ல ஒட்டி வச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். காலைல சுத்த சாம்பல். எங்க ஜன்னல் மேற்கு பாத்தது, 4 மணிக்கு மேல வெயில் நேரா உள்ள வரும், அப்ப லேசா ஊதா எட்டிப் பாக்கும். ராத்திரி 3000 கெல்வின் மஞ்சள் லைட்ல கொஞ்சம் பழுப்படிக்கும், 6500 வெள்ளை லைட்டுன்னா நீலம் தூக்கும். அதுதான் எனக்குப் பிடிச்சதே. வீட்டுக்காரர் வெள்ளையே போதும்னாரு, நான்தான் மல்லுக்கட்டி வாங்குனேன், இப்ப வாயத் திறக்க முடியல.

பிரச்சனை ரெண்டாவது டின்லதான். 5 லிட்டர் ஒண்ணு போதும்னு உங்க கவுண்டர்ல சொன்னாங்க. மூணு சுவரும் சேத்து 14 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம், ரெண்டு கோட், எப்படிங்க பத்தும்? அன்னைக்கே கணக்குப் போட்டுப் பாக்காதது என் தப்பும்தான், ஒத்துக்கறேன். டிவி சுவர்ல ரெண்டாவது கோட் பாதில தீந்துபோச்சு, 9 நாள் கழிச்சு வந்து அதே நம்பரைச் சொல்லி இன்னொரு டின் கலக்கி வாங்கிட்டுப் போனேன்.

ஈரத்துல ஒண்ணும் தெரியல. மறுநாள் காலைல பாக்கறேன், டிவிக்கு வலது பக்கம் மேலேருந்து கீழ வரைக்கும் கோடு கிழிச்ச மாதிரி நிக்குது. இந்தப் பக்கம் நான் கேட்ட சாம்பல், அந்தப் பக்கம் நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி. எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா பலகாரம் குடுக்க வந்தவங்க வாசல்ல நின்னே "மேல் வீட்லேருந்து தண்ணி ஒழுகுதா?"ன்னு கேட்டாங்க.

வெளிச்சம்தான் காரணம்னா, ஒரே சுவர், ஒரே ஜன்னல், ஒரே நேரம், ரெண்டு பாதியும் சேந்துதான மாறணும்? டின் மூடில உங்க ஆளு வைக்கற பொட்டு பெயிண்ட் இருக்குல்ல, ரெண்டு மூடியையும் பக்கத்துல வச்சு எடுத்த போட்டோவப் பாருங்க. ஸ்டிக்கரையும் பாருங்க, கலர் நம்பர் ஒண்ணுதான், ஆனா கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கற கலரன்ட் (கலக்கற சாயம்) அளவு ஒண்ணா இல்ல. வெள்ளை பேஸ்ல கருப்பும் ஊதாவும் சொட்டு சொட்டாத்தான் விழுது, இந்த மாதிரி மங்கலான கலர்ல கொஞ்சம் கூடினாலே காட்டிக் குடுத்துடும். அடிக்க வந்த தம்பி சொல்றாரு, "அக்கா, ரெண்டு டின்னையும் ஒண்ணா வாங்கி பெரிய வாளில ஊத்திக் கலந்து அடிச்சிருந்தா இந்த வம்பே இல்ல"ன்னு. இத கவுண்டர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

தீபாவளிக்கு மூணு வாரம்தான் இருக்கு. எனக்கு வேண்டியது: முதல் டின்ல இருக்கற அளவுப்படியே ஒரே தடவைல கலக்குன புது பெயிண்ட், டிவி சுவரைத் திரும்ப அடிக்கற கூலி 180 வெள்ளி. மத்த ரெண்டு சுவர் நல்லாத்தான் இருக்கு, அதுக்கு நான் எதுவும் கேக்கல. 10 வெள்ளி வவுச்சர் தர்றோம்னீங்க, அத வச்சு நான் பிரஷ்தான் வாங்கணும்.

மிரட்டறேன்னு நினைக்காதீங்க, ஆனா குறையுள்ள பொருளுக்கான லெமன் லா சட்டம் 2012லேருந்து இருக்கு, வாங்கி 6 மாசத்துக்குள்ள தெரியற குறை வாங்கும்போதே இருந்ததுன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு நீங்கதான் நிரூபிக்கணும். சின்னத் தொகை வழக்கைக் கேக்கற ஸ்மால் கிளைம்ஸ் மன்றத்துல இந்தத் தொகைக்கு மனு போட 10 வெள்ளிதான், உங்க வவுச்சர் காசு.

சனிக்கிழமை வீட்லதான் இருப்பேன். யாரையாவது அனுப்புங்க, 4 மணிக்கு முன்னாடியே வரட்டும், அப்பதான் வெயில் மேல பழி போட முடியாது.