ஆலோசகரின் நினைவும் செயலியின் பதிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலச் செயலிகள் பெருகிவரும் நிலையில் உளவியல் ஆலோசகர்களுக்கு இனி வேலை இருக்குமா என்ற விவாதம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாக நடந்துவருகிறது. தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் 17 ஆண்டுகளாக ஆலோசகராகப் பணிபுரிபவன் என்ற முறையில், எழுதிய அன்பர்கள் தொடாமல் விட்ட ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வேலையைச் செயலி பறித்துக்கொள்ளுமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் செய்யத் தவறிவந்த ஒரு வேலையை அது செய்துகொண்டிருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில் கேட்டு, வரும் பதிலைத் தேதியோடு குறித்துவைப்பதுதான் அந்த வேலை.

இதை நான் உணர்ந்துகொண்ட விதம் சற்றுக் கூச்சம் தருவது. சில ஆண்டுகளுக்கு முன் செவிலியர் ஒருவர், தூக்கம் வருவதில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று என்னிடம் வந்தார். (அவரை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முதல் நாள் அவர் தம் மாமியாரைப் பற்றி நிறையப் பேசினார், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். நான்கு வாரங்கள் மாமியாரிலேயே கழிந்தன. ஐந்தாம் வாரம், அன்றன்றைய மனநிலைக்கு மதிப்பெண் கொடுக்கச் சொல்லும் செயலி ஒன்றைத் தாம் பயன்படுத்திவருவதாகத் தயங்கித் தயங்கிச் சொல்லி, அது வரைந்திருந்த கோட்டைக் கைப்பேசியில் காட்டினார். இரவுப் பணி முடிந்த இரண்டாம் நாள் அந்தக் கோடு தவறாமல் சரிந்திருந்தது. மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்த பத்து நாட்களிலும் அதே சரிவு. பணிமுறையை மாற்றிக் கேட்பது, பகலில் உறங்கும் அறைக்குத் திரை போடுவது என்று எங்கள் பேச்சு அதன் பிறகுதான் உருப்படியான திசைக்குத் திரும்பியது. நான் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த மாமியாரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அந்தச் செயலிக்கு உளவியல் கோட்பாடு எதுவும் தெரியாது. அது நாள்தோறும் கேட்டது, கேட்டதை மறக்கவில்லை, அவ்வளவுதான். நானோ வாரம் ஒருமுறை அவர் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னதை நம்பி, அதையும் என் நினைவிலேயே வைத்துக்கொண்டேன். மனம் சோர்ந்திருக்கும் நாளில் கடந்த வாரம் முழுவதுமே சோர்வாகக் கழிந்ததாகத் தோன்றும் என்றும், தெளிந்த நாளில் நோயே விட்டுப்போனதாகத் தோன்றும் என்றும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவனும் நான்தான்.

இது என் ஒருவனுடைய குறையாக இருந்தால் தங்கள் இதழின் இடத்தைப் பிடித்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலத் துறையினர் 129 பேரிடம் தங்கள் திறமையைச் சக தொழிலரோடு ஒப்பிட்டு மதிப்பிடச் சொன்னபோது, ஒருவர்கூடத் தம்மைச் சராசரிக்குக் கீழே வைத்துக்கொள்ளவில்லை. அதற்கும் முன்னர், 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வில், சிகிச்சை பெற்றுவந்த 550 பேரில் யாருடைய நிலை மோசமடையும் என்று அவர்களுடைய சிகிச்சையாளர்களையே கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் கணித்தது 3 பேரை. உண்மையில் மோசமடைந்தவர்கள் 40 பேர். எதிரே அமர்ந்திருப்பவர் தேறவில்லை என்பதைக் கண்டுகொள்ள எங்களுக்கு இருக்கும் கண் அவ்வளவு மங்கலானது. காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடும் மருத்துவரிடம் இன்று நாம் போகமாட்டோம். எங்கள் தொழிலில் மட்டும் தொட்டுப் பார்த்துச் சொல்வதே அனுபவம் என்று மதிக்கப்பட்டுவருகிறது.

இதில் நகைப்புக்குரியது, செயலிகள் பலவற்றில் உள்ள கேள்விகளே எங்களிடமிருந்து போனவை என்பதுதான். மனச்சோர்வை அளக்க 2001-இல் வெளியான பிஎச்க்யூ-9 என்னும் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள், கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, களைப்பு, ஆர்வமின்மை முதலியவை எத்தனை நாள் தொல்லை தந்தன என்று கேட்டு, 0 முதல் 27 வரை, சோர்வு கூடக் கூட ஏறும் மதிப்பெண் தருகிறது. அதைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. நிரப்புவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இங்கிலாந்தில் 2008-இல் தொடங்கிய அரசுப் பேச்சுச் சிகிச்சைத் திட்டத்தில், இத்தகைய தாளை ஒவ்வொரு அமர்விலும் நிரப்புவது நடைமுறையாகவே ஆக்கப்பட்டது. நம் ஊரில் முதல் நாள் ஒருமுறை நிரப்பி வாங்கிக் கோப்பில் வைப்பதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடுகிறது. முதல் நாள் எடையை மட்டும் பார்த்துவிட்டு இளைத்திருக்கிறாயா பருத்திருக்கிறாயா என்று ஆண்டு முழுவதும் ஊகிப்பதற்கு இது ஒப்பாகும்.

கேட்கும் சூழலிலும் செயலியிடம் பாடம் உண்டு. நம் குடும்பங்களில் ஆலோசனைக்கு ஒருவர் தனியாக வருவது அரிது. அம்மாவோ கணவரோ அண்ணனோ கூட வருவார். நான் மகளைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு அம்மா பதில் சொல்வார். "இப்ப பரவாயில்லைங்க, நல்லா சாப்பிடுறா" என்று அவர் முடித்துவைத்த பிறகு அந்தப் பெண் சொல்வதற்கு என்ன இருக்கிறது? செயலி கைப்பேசியின் சொந்தக்காரரிடம் மட்டுமே கேட்கிறது. (நம் வீடுகளில் பெண்களின் கைப்பேசி எந்த அளவுக்கு அவர்களுடையது என்பது தனிக்கடிதமாக எழுதவேண்டிய பொருள்.) அதோடு, முகம் பார்த்துச் சொல்லக் கூசும் செய்தியை முகமில்லாத ஒன்றிடம் சொல்வது மனிதர்களுக்கு எளிதாக இருக்கிறது. திரையில் பேசும் உருவத்தை இயக்குவது கணினி மட்டுமே என்று நம்பியவர்கள், பின்னால் மனிதர் இருப்பதாக நினைத்தவர்களைவிடத் தயக்கம் குறைந்து பேசினார்கள் என்று தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் எழுதினார்கள். முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாங்கள் அமர முடியாது. ஆனால் கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லி, ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துவிட்டு, நாங்களும் ஐந்து நிமிடம் அறையைவிட்டு வெளியே போகலாம். பிஎச்க்யூ-9 தாளின் கடைசிக் கேள்வி, செத்துப்போயிருந்தால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது. வாயால் கேட்கும்போது ஆலோசகர்களான நாங்களே குரலைத் தாழ்த்தி, சுற்றி வளைத்து, சில சமயம் கேட்காமலே விட்டுவிடுகிற அந்தக் கேள்வியைத் தாள் யாரிடமும் தயங்காமல் கேட்டுவிடுகிறது.

இனி, இரண்டு அமர்வுகளுக்கு இடைப்பட்ட காலம். வாரத்தின் 168 மணி நேரத்தில் ஒரு மணி நேரமே எங்களுடையது. மீதி நேரத்தில் வந்து நிற்பதைத்தான் செயலியின் பெருமையாக விளம்பரங்கள் சொல்கின்றன. இதற்குக் கைப்பேசி பிறக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை சான் ஃபிரான்சிஸ்கோவின் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ காட்டியிருக்கிறார். மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, வீடு திரும்பியபின் தொடர் சிகிச்சையை மறுத்துவிட்ட 843 பேரை அவர் குழு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ஐந்தாண்டுக் காலம் கடிதம் எழுதிவந்தது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், விரும்பினால் இரண்டு வரி எழுதுங்கள் என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றும் இல்லை. மருந்து சாப்பிட்டீர்களா என்ற விசாரணைகூட இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலைகள் குறைந்திருந்தன என்பதை 2001-இல் அவர் வெளியிட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவருக்கு நம்மில் எத்தனை பேர் ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்புகிறோம்? கட்டணத்துக்காக அழைக்கிறார்கள் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்தில் நானே பலரை விட்டிருக்கிறேன். நள்ளிரவில் எங்களால் எடுக்க முடியாத அழைப்புக்கும் வழி இருக்கிறது: 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றி அழைக்கலாம். அந்த எண்ணை அடுத்த அமர்வின் தேதிச் சீட்டிலேயே எழுதிக்கொடுக்க எந்தத் தொழில்நுட்பமும் வேண்டியதில்லை.

செயலியிடம் கற்கக் கூடாதவையும் உண்டு. தொடர்ந்து எத்தனை நாள் வந்தீர்கள் என்று எண்ணிப் பதக்கம் கொடுப்பதும், வராத நாளில் குற்றவுணர்வைக் கிளறும் அறிவிப்பை அனுப்புவதும் வணிக உத்திகள். அவை பலிக்கவும் இல்லை: 93 மனநலச் செயலிகளின் பயன்பாட்டை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, நிறுவிய 30-ஆம் நாளில் செயலியைத் திறந்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவில்தான். ரகசியம் காப்பதில் நிலைமை இதைவிட மோசம். இணையவழி ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்கள் கேள்வித்தாளில் நம்பிச் சொன்ன செய்திகளை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்துகொண்டதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023-இல் அந்நிறுவனம் 78 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், தம் நோய் பற்றிய செய்திகள் ரகசியமாக வைக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. நான் மேலே பரிந்துரைத்த தாள்களுக்கும் அது பொருந்தும் என்பதால், அவற்றைப் பூட்டிவைக்க ஒரு அலமாரி வாங்குவதும் செலவுக் கணக்கில் சேரவேண்டும்.

ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சகப் பணியாளர்கள் கேட்பார்கள். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில்தான் அந்தத் தாள் நிரப்பப்பட வேண்டும் என்பது என் பதில். நேரத்தைவிடப் பெரிய தடையாக நான் காண்பது எங்கள் மனநிலையைத்தான்: மதிப்பெண் ஏறினால் அது நோயாளியின் நிலையை மட்டுமல்லாமல் என் வேலையின் தரத்தையும் காட்டிவிடுமே என்ற அச்சம். முதுகலை உளவியல் படிப்பவர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே, தாம் பார்க்கும் ஒவ்வொருவரின் மதிப்பெண்களையும் மேற்பார்வையாளர் முன் வைத்துப் பேசும் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டால் இந்த அச்சம் பாதியாவது குறையும்.

கடந்த ஓராண்டாக என் அறைக்கு வெளியே அச்சிட்ட தாள்களும் பென்சிலும் இருக்கின்றன. படிக்கத் தெரியாதவர்களை உதவியாளர் தனியே அழைத்துக் கேள்விகளை வாசித்துக் காட்டுகிறார். முதல் நான்கு மாதங்களில் இரண்டு பேருக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போயிற்று. ஒருவரை மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். மற்றவரிடம், என்னோடு பேசுவதால் உங்களுக்குப் பயன் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, வேறோர் ஆலோசகரின் முகவரியைக் கொடுத்தேன். தாள் இல்லாதிருந்தால் இருவருமே தேறிவருவதாகத்தான் எழுதிவைத்திருப்பேன். இருவரும் என் அறைக்குள் சிரித்த முகத்தோடுதான் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

இங்ஙனம்,
உளவியல் ஆலோசகர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.