சால்டரிங் மேசையில் ஓர் இடம்: அறிவியல் மன்ற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மைதானத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும், புதிதாக நான் சொல்ல ஒன்றுமில்லை. பலூனில் கட்டி மேலே அனுப்பிய டப்பா செயற்கைக்கோள், அதாவது மன்றத்தில் செய்த சின்னச் செயற்கைக்கோள் மாதிரி, பத்திரமாகத்தான் இறங்கியது. ஆனால் கணினித் திரையில் காற்றழுத்தத்தைக் காட்டும் கோடு மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. காற்றழுத்தத்தை அளக்கும் உணரிக்குக் (சென்சாருக்கு) காற்று போகவேண்டிய துளையின் மேல் பள்ளிச் சின்னம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

அந்தத் துளையை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்துக் கொடுத்தவள் என் மகள். கோடு அசையாமல் நின்ற நேரத்தில் அவள் இருபதடி தள்ளி, சார்ட் அட்டையைப் பிடித்துக்கொண்டு விருந்தினர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோபத்தோடு எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்தேன். இப்போதும் முழுக்க ஆறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

அந்த உணரி எங்கள் வீட்டில் பதினோரு நாள் இருந்தது. மாலையில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படியில் ஏறுவாள், இறங்குவாள், ஒவ்வொரு தளத்திலும் நின்று நோட்டில் எண்ணை எழுதுவாள். மூன்று மாடி, சுமார் ஒன்பது மீட்டர். அவ்வளவு ஏறினாலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைகிறது என்று அவள் காட்டிய பிறகுதான் எனக்கே தெரியும். அப்புறம் ஒருநாள் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து இறுக மூடிக்கொண்டு ஏறினாள். எண் அசையவில்லை. மூடியில் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டு மறுபடி ஏறினாள். எண் இறங்கியது. "அம்மா, உள்ளே இருக்கும் காற்றுக்கு நாம் மேலே வந்தது எப்படித் தெரியும்? துளை வேண்டும் இல்லையா?" என்றாள். வரைபடத்தில் இருந்த அந்தச் சிவப்பு வட்டம் வந்த கதை இதுதான்.

அப்படியென்றால் துளை எப்படி அடைபட்டது? பாகங்களைப் பொருத்தும் வேலை நான்கு மணிக்கு மேல் நடந்தது. நான்கு மணிக்கு மாணவிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். மாணவர்கள் உங்களோடு ஆறரை வரை இருக்கிறார்கள். எந்தக் கம்பி எங்கே போகும், பேட்டரி எந்தப் பக்கம், ஸ்டிக்கர் எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் அந்த இரண்டரை மணி நேரத்தில் முடிவாகிவிடும். மறுநாள் காலையில் என் மகள் போய்ப் பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும். அவளுக்கு மிஞ்சுவது சார்ட்டும் அறிக்கையும்தான். "உனக்குப் பேச்சு நன்றாக வரும், கையெழுத்தும் அழகு" என்று சொன்னீர்களாம். பாராட்டாகத்தான் சொல்லியிருப்பீர்கள். சால்டரிங் அயர்னை, அதாவது கம்பிகளை உலோகம் உருக்கி ஒட்டும் சூட்டுக்கோலை, தொடலாமா என்று கேட்டதற்கு, "கையைச் சுட்டுக்கொண்டால் வீட்டில் எங்களைக் கேட்பார்கள்" என்று பதில். அவள் வீட்டில் கேட்கவேண்டிய ஆள் நான். நான் கேட்க மாட்டேன். ஆட்காட்டி விரலில் ஒரு சின்னத் தழும்பு அவளுக்கு ஏற்கெனவே உண்டு, பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் பழகியபோது பட்டது. அதை அவள் மறைப்பதும் இல்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். சால்டரிங் மேசையில் அவளுக்கு ஓர் இடம் கொடுங்கள். மற்றவர்கள் இருக்கும் நேரம் வரை அவளும் இருக்கட்டும்.

மேசையில் உட்காருவது அவ்வளவு பெரிய விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். ஜோசலின் பெல் பர்னல் 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி. ஒரு ரேடியோ தொலைநோக்கியைக் கட்டும் வேலையில் அவரே இறங்கினார். கம்பம் நட்டார், கம்பிகளை இணைத்தார். பிறகு கருவியிலிருந்து மீட்டர் மீட்டராக வந்த காகிதச் சுருளில், ஒரு சின்னக் கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. அதைக் கருவியின் கோளாறு என்று தள்ளிவிடாமல் துரத்திப் போனதால்தான் பல்சார் என்ற, சீராகத் துடிக்கும் ரேடியோ அலைகளை அனுப்பும் விண்மீன் வகை கண்டுபிடிக்கப்பட்டது. தன் கையால் கட்டிய கருவியின் வழக்கமான இரைச்சல் எது, வழக்கத்துக்கு மாறானது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1974இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய ஆய்வு வழிகாட்டிக்குப் போனது, அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கதை வேறு. நான் சொல்ல வருவது கம்பம் நட்ட கையைப் பற்றி.

பள்ளித் தாழ்வாரத்தில் பெரிய படங்கள் மாட்டியிருக்கிறீர்கள். சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதா இருக்கிறார். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கும் ஆதித்யா-எல்1இன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி இருக்கிறார். என் மகள் அந்தப் படங்களுக்கு எதிரே நின்றுதான் பை மாட்டிக்கொண்டு நான்கு மணிக்குக் கிளம்புகிறாள். அவர்களையும் யாரோ ஒருவர் நான்கு மணிக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருந்தால் இன்று அந்தச் சுவரில் யார் படம் இருக்கும்?

இது உங்கள் மன்றத்தில் மட்டும் நடப்பதில்லை, தெரியும். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்வெளி நடை போவதாக இருந்தது. இருவருக்கும் பொருந்தும் அளவில் விண்வெளி உடையின் மேல்பகுதி விண்வெளி நிலையத்தில் அன்றைக்கு ஒன்றுதான் தயாராக இருந்தது. அதனால் ஒருவருக்குப் பதில் ஓர் ஆண் போனார். இரண்டு பெண்கள் மட்டும் போகும் நடை அதே ஆண்டு அக்டோபரில்தான் கிறிஸ்டினா கோக், ஜெசிகா மெய்ர் இருவராலும் நடந்தது. யார் வருவார்கள் என்று நினைத்து ஏற்பாடு செய்கிறோமோ, அவர்களுக்குத்தான் பொருள் தயாராக இருக்கும். உங்கள் மேசையில் நான்கு நாற்காலி, நான்கு பாதுகாப்புக் கண்ணாடி, நான்கு அயர்ன். யாரை நினைத்து நான்கு என்று முடிவு செய்தீர்கள்?

சரி, கோபம் மறுபடி வந்துவிட்டது. மன்னியுங்கள். சம்பளமில்லாத நேரத்தைக் கொடுத்து இந்த மன்றத்தை நடத்துகிறீர்கள். அந்த உணரியை அவளை நம்பி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியதும் நீங்கள்தான். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

அவளுக்குப் பதினைந்து வயது. போன வருடம் விண்வெளி வீராங்கனை ஆகப்போகிறேன் என்றாள். பிறகு ராக்கெட் எஞ்சின் என்றாள். இப்போது செயற்கைக்கோளின் வெப்பக் கட்டுப்பாடு. வெயில் படும் பக்கம் நூறு டிகிரிக்கு மேல் கொதிக்க, நிழல் பக்கம் மைனஸ் நூறுக்கும் கீழே போகக்கூடிய இடத்தில் ஒரு பேட்டரியை எப்படிக் காப்பாற்றுவது என்று சாப்பிடும்போதுகூட யோசிக்கிறாள். அடுத்த வருடம் வேறொன்று சொல்லலாம், சொல்லட்டும். எது தனக்கு ஒத்துவரும் என்று தொட்டுப் பார்த்துத்தானே தெரிந்துகொள்ள முடியும்? வழிகாட்டுதல் நிகழ்ச்சியில் இதே கேள்வியைக் கேட்டபோது, வந்திருந்த விருந்தினர் "பெண்களுக்கு ஆசிரியர் வேலைதான் பொருத்தம்" என்றார். அவள் அதன்பின் கேள்வி கேட்கவில்லை. அந்தப் பழக்கம் உங்கள் மன்றத்திலும் அவளுக்கு வந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறேன்.

நேரம்தான் தடை என்றால், பொருத்தும் வேலையை எல்லோரும் இருக்கும் மதிய நேரத்துக்கு மாற்றுங்கள். அது முடியாது என்றால் ஆறரை மணிக்கு நானே வாசலில் வந்து நிற்கிறேன். மன்றத்தில் உள்ள மற்ற ஐந்து மாணவிகளின் வீட்டாரோடும் பேசிவிட்டேன். மூன்று பேர் என்னோடு முறை போட்டு வரத் தயார். பாதுகாப்புக் கண்ணாடி இல்லை என்றால் ஆறு வாங்கித் தருகிறோம். ஒப்புதல் கடிதம் இத்துடன் இருக்கிறது, சூடு பட்டாலும் உங்களைக் கேட்க மாட்டோம் என்று கையெழுத்திட்டிருக்கிறோம்.

அடுத்த டப்பாவுக்கான வேலை திங்கட்கிழமை தொடங்குவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அன்றைக்கே சால்டரிங் மேசையில் அவளுக்கு ஓர் இடம் கொடுங்கள். சிவப்பு வட்டம் போட்ட வரைபடத்தை அவள் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா