கேன்டர் வேறு, நாலுகால் பாய்ச்சல் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த குதிரையேற்றக் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் குதிரையின் மிதமான ஓட்டத்தைக் குறிக்கும் 'கேன்டர்' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'நாலுகால் பாய்ச்சல்' என்று போட்டுவிட்டீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலுகால் பாய்ச்சல் என்பது கேலப். அதில் நான்கு குளம்பும் தனித்தனியாகத் தரையைத் தொடும், மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கேன்டர் அதில் பாதி வேகம்தான், அடியும் மூன்றுதான். முதலில் ஒரு பின்னங்கால், அப்புறம் மற்றப் பின்னங்காலும் அதற்குக் குறுக்கே இருக்கும் முன்னங்காலும் சேர்ந்து, கடைசியில் மிச்சமிருக்கும் முன்னங்கால், அதோடு நான்கு காலும் ஒரு கணம் அந்தரத்தில். தகிட என்று சொல்லிக் கொஞ்சம் மூச்சுவிட்டு மறுபடி தகிட சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். தாளத்துக்கும் குதிரைக்கும் 'கதி' என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் நாம் இதைக் கோட்டைவிடலாமா?

சொல் வந்த வழியையும் கட்டுரையாளர் தொடவில்லை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியோடு மோதிய பேராயர் தாமஸ் பெக்கெட்டை, 1170 டிசம்பர் 29 அன்று கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். 1173-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது, அப்புறம் அந்த ஊருக்கு யாத்திரைக் கூட்டம் ஓயவே இல்லை. அவர்கள் குதிரையை விரட்டாமல் சாவகாசமாக ஓட்டிப்போனதை வைத்து வந்த பெயர் 'கேன்டர்பரி கேலப்'. பெயர் நீளம், வாலை நறுக்கிவிட்டார்கள், கேன்டர் மிஞ்சியது.

எனக்கு இதில் பிடித்ததே இனிமேல்தான். எட்டாம் ஹென்றி 1538-இல் அந்தப் புனிதரின் சமாதியை இடித்துத் தள்ளிவிட்டார், யாத்திரையும் நின்றுபோனது. 'கேன்டர்பரி கேலப்' எழுத்தில் தலைகாட்டுவதோ 17-ஆம் நூற்றாண்டில், வெறும் 'கேன்டர்' அதற்கும் அடுத்த நூற்றாண்டில். போகிறவர்கள் போய்ச் சேர்ந்து பல தலைமுறை ஆனபிறகு அவர்களுடைய குதிரை நடைக்குப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்!

தமிழில் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'மூவடி ஓட்டம்' என்று போடலாம். இல்லாவிட்டால் கேன்டர் என்றே விட்டுவிடுங்கள், அந்த ஊர்ப் பெயராவது அதில் பாதி இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்